ஒழுகும் வெந்நீர் அண்டா: அடைப்பதா? மாற்றுவதா? எடுத்து விடுவதா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வட்டாரம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடுகள். மொத்தம் பதினெட்டு பேர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. அந்தக் குளியலறையின் மூலையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓர் அடுப்பு. அடுப்பின் மேல், கழுத்து மட்டும் வெளியே தெரிய, ஒரு பெரிய தாமிர அண்டா.

கன்னடக்காரர்கள் அதை 'ஹண்டே' என்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வாயில் அது 'அண்டே'. சேலத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்த அவர்களுடைய தாத்தாக்களுக்கு அது வெறும் வெந்நீர் அண்டாதான். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழிப் பனியில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவனுக்கு இரண்டு செம்பு வெந்நீர் இல்லாவிட்டால் உடம்பு நிமிராது.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது ஒரு காலையில் அடுப்பு தானாக அணைந்தது. திரும்ப மூட்டினார்கள். திரும்பவும் அணைந்தது. குனிந்து பார்த்தால் சாம்பல் சேறாகக் கிடந்தது. அண்டா ஒழுகுகிறது!

அன்று மாலை ஆறு வீட்டாரும் முற்றத்தில் கூடினார்கள். அடைப்பதா, புதிது வாங்குவதா, எடுத்து விடுவதா என்று பேச்சு கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் மூன்று கட்சி ஆகிவிட்டது.

மூன்று கட்சிகள்

முதல் வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. குளியலறைப் புகைபோக்கி அந்த வீட்டு ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. "அண்டா போனது நல்லதாப் போச்சு. அடுப்பையே இடிச்சுடுங்க" என்றாள் குழந்தையின் தாய்.

நாலாம் வீட்டு இளைஞர்கள் இருவரும் பீனியாவில் லேத் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள். "தாமிரம் விற்கிற விலைக்கு இதை ஜாலி மொஹல்லாவில் போட்டால் கெய்சரே வாங்கிடலாம். மிச்சப் பணத்தை ஆறு பங்காகப் பிரிச்சுக்கலாம்" என்றார்கள். இந்த யோசனைக்குத்தான் அதிகம் தலை ஆடியது.

ஐந்தாம் வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. "ஒரு ஓட்டைக்காகப் பாத்திரத்தை விற்பார்களா? ஈயம் வைத்தால் சரியாகிவிடும்" என்றார்.

கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. முழங்கால் இரண்டிலும் வாதம். வெந்நீர் ஊற்றினால்தான் காலை மடக்க முடியும். தினமும் நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர்தான். கூட்டம் முடியும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. கணக்குப் போடாமல் எதற்கும் தலையாட்டாதவர். "விற்பதற்கு முன்னால் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்றார். மறுநாள் அவென்யூ ரோட்டுச் சந்திலிருந்து ஒரு கன்னாரை அழைத்து வந்தார்.

கன்னார் பார்த்த வைத்தியம்

வந்தவர் முதலில் அடுப்பின் மேல் சுற்றை உடைத்து அண்டாவை வெளியே எடுக்கச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பதினான்கு கிலோ. எண்பது லிட்டர் பிடிக்கும்.

அண்டாவைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே ஈரம் கசிகிற இடத்தில் சாக்பீசால் வட்டம் போட்டார். ஒரே ஓர் இடம். அடிப்பாகமும் வயிறும் சேருகிற வளைவில், தீ நேராக நக்குகிற பக்கம். பிறகு சிறிய மரச் சுத்தியலால் அடி முழுவதும் தட்டிக் கேட்டார். தகடு கனமாக இருக்கும் இடத்தில் 'ணங்' என்ற சத்தம். மெலிந்த இடத்தில் சத்தம் மொக்கையாக விழும். கட்டை விரலால் அழுத்தியும் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மெலிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கெட்டி.

உள்ளே சுரண்டினால் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவம் பட்டை பட்டையாக வந்தது. போர்த் தண்ணீரின் வேலை அது. இந்த நகரத்துக்குக் காவேரித் தண்ணீர் 1974ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் குழாயில் வராத நாளெல்லாம் இந்த வட்டாரத்துக்குப் போர்த் தண்ணீர்தான். தாமிரம் இரும்பைப் போல ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எவர்சில்வரோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து மடங்கு. அதனால்தான் முன்னோர் வெந்நீருக்குத் தாமிரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உள்ளே சுண்ணாம்புப் பட்டை பிடித்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். அந்த இடம் சிவந்து, செதில் விட்டு, வருஷத்துக்கு வருஷம் மெலியும். கடைசியில் ஓட்டை விழும்.

"ஈயம் வைக்கலாமா?" என்று ஆலைப் பெரியவர் கேட்டார்.

"வைக்கலாம். நிற்குமா என்று கேளுங்கள்" என்றார் கன்னார்.

அவர் சொன்ன விளக்கம் இது. தாமிரம் உருக 1083 டிகிரி சூடு வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பற்ற வைக்கும் ஈயக் கலவைக்கு 190 டிகிரியே போதும். அண்டாவில் தண்ணீர் இருக்கும் வரை தகடு நூறு டிகிரிக்கு அதிகம் மேலே போகாது. ஆகவே பற்று நிற்கும். ஒரு நாள் யாராவது மறந்து காலி அண்டாவின் அடியில் தீ மூட்டினால் ஐந்து நிமிஷத்தில் ஈயம் உருகிச் சாம்பலில் விழும். பதினெட்டு பேர் புழங்கும் இடத்தில் அந்த ஒரு நாள் வராமல் இருக்காது.

இரண்டாவது வழி, உள்ளங்கை அகலத் தாமிரத் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக் காஸ் தீயில் பித்தளைப் பற்று வைப்பது. அது எந்த விறகுத் தீக்கும் அசையாது. மூன்றாவது வழி, அடி முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிய அடி போடுவது. அடி பூராவும் மெலிந்திருந்தால்தான் அது தேவை. இந்த அண்டாவுக்குத் துண்டு வைத்தாலே போதும். வயிற்றில் இரண்டு மூன்று இடங்களில் ஓட்டை இருந்தால் எந்த வைத்தியமும் வீண், எடைக்குப் போடுவதே மேல் என்றும் அவர் சொன்னார்.

புளி தேய்த்ததும் தெரிந்த பெயர்

பற்று வைக்க வேண்டுமானால் கரி, களிம்பு எல்லாம் போக வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். இத்தனை வருஷமும் சுவருக்குள் புதைந்திருந்த தோள் பக்கம் மெதுவாகச் சிவப்பு நிறம் காட்டியது. அங்கே புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்துக்கள்! இரண்டு இனிஷியல், ஒரு பெயர், பக்கத்தில் 1969.

அது பெரியம்மாவின் கணவர் பெயர்.

முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது. அண்டாவை வீட்டுச் சொந்தக்காரர் போட்டது என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். பழைய குடித்தனக்காரர்கள் சேர்ந்து போட்டது என்று மீதிப் பேர். விற்று ஆறு பங்கு போட முதல் நாள்தான் வாயாலேயே பிரித்திருந்தார்கள்.

"பெரியம்மா, இது உங்களுதுன்னு ஏன் சொல்லலை?" என்று நாலாம் வீட்டுப் பையன் கேட்டான்.

"ஆலையில போனஸ் வாங்கின வருஷம் போட்டாரு. அப்ப இங்க ஆறு வீட்லயும் கைக்குழந்தை. வட்டாரத்துக்குன்னு போட்டதை என்னுதுன்னு எப்படிப்பா சொல்றது?" என்றார் பெரியம்மா. சற்றுப் பொறுத்து, "விக்கறதா இருந்தா வித்துக்கங்க. ஆனா வெந்நீருக்கு வழி பண்ணிட்டு வில்லுங்க" என்றார்.

விற்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் குழந்தையின் இருமல் முடியவில்லையே! முதல் வீட்டுத் தாய் சொன்னதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் சவுக்கும் சுள்ளியும் எரித்தார்கள். இப்போது கிடைப்பது பெட்டி உடைத்த பலகை, பிளைவுட் துண்டு, பெயிண்ட் அடித்த ஜன்னல் கட்டை. பிளைவுட்டில் இருக்கும் பசையும் கட்டையில் இருக்கும் பெயிண்டும் எரிந்தால் வருவது வெறும் புகை அல்ல, நஞ்சு. போதாக்குறைக்குப் புகைபோக்கியில் பாதி அடைப்பு.

குமாஸ்தா போட்ட கணக்கு

மூன்றாம் வீட்டு குமாஸ்தா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

விறகுக் கணக்கு: எண்பது லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குக் கொண்டு போக, இந்த மாதிரி அடுப்பில் சுமார் ஏழு கிலோ விறகு எரிகிறது. விறகின் சூட்டில் பத்தில் ஒன்றரைப் பங்குதான் தண்ணீருக்குப் போகிறது. மீதி சுவருக்கும் ஆகாயத்துக்கும். ஆனால் ஒரு விஷயம். அந்த எண்பது லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் பத்து வாளி குளிநீர் ஒரே சமயத்தில் தயார்!

கரண்ட் கணக்கு: ஒரு வாளி இருபது லிட்டர். அதை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட். அவரவர் பில்லில் உள்ள யூனிட் விலையைப் பார்த்தால் ஒரு குளியலுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2000 வாட் கெய்சரானால் ஒரு வாளிக்குப் பதினான்கு நிமிஷம். பதினெட்டு பேருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கெய்சர் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தவர்கள் இந்த இடத்தில் விழித்தார்கள்.

"அண்டாவிலேயே இம்மர்ஷன் ராடு போட்டால்?" என்று ஒருவர் கேட்டார்.

மின்சார வேலை பார்ப்பவர் அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். தாமிரம் சூட்டை எப்படிக் கடத்துமோ அப்படியே கரண்டையும் கடத்தும். ராடில் கசிவு ஏற்பட்டால் அண்டாவைத் தொட்டவர் பிழைப்பது கடினம். ஈரத் தரையில், பல பேர் புழங்கும் குளியலறையில், அந்தப் பேச்சே கூடாது.

காஸ் கெய்சர் பேச்சும் வந்தது. காற்றோட்டம் இல்லாத சின்னக் குளியலறைக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியில் தெரியும். மாட்டுவதானால் குளியலறைக்கு வெளியே மாட்ட வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

சூரிய வெந்நீர்ச் சாதனம் பெங்களூரில் மாடிக்கு மாடி தெரிகிறது. சுமார் இரண்டு சதுர மீட்டர் தகடு இருந்தால் வெயில் நாளில் நூறு லிட்டர் வெந்நீர் கிடைக்கும். விறகும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. அதற்கு மேலே குளிர்நீர்த் தொட்டியும் வேண்டும். இந்த வட்டாரத்தில் இருப்பதோ மங்களூர் ஓடு. தாங்காது. மழைக்காலத்தில் கரண்டும் துணைக்கு வேண்டும். ஆகவே அதுவும் தள்ளுபடி.

ஒன்றல்ல, மூன்று கேள்விகள்

கணக்கெல்லாம் முடிந்தபோதுதான் ஒரு உண்மை புரிந்தது. 'அண்டாவை என்ன செய்வது' என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் கேள்வி மூன்று. பாத்திரம் கெட்டுவிட்டதா? அடுப்பு கெட்டுவிட்டதா? வெந்நீர் எப்படிக் கிடைக்கும்? அண்டா வேறு, அடுப்பு வேறு, வெந்நீர் வேறு. மூன்றுக்கும் ஒரே பதில் தேடியதால்தான் சண்டை.

அடுப்பு கெட்டுவிட்டது. அதை இடித்து எடுப்பது என்று முடிவாயிற்று.

தினசரிக் குளியலுக்கு இருபத்தைந்து லிட்டர் கெய்சர் ஒன்று. யாருக்குக் காலையில் வெந்நீர் கட்டாயம் என்று குமாஸ்தா வீடு வீடாகக் கேட்டார். பதினொரு பேர் தேறினார்கள். மற்ற ஏழு பேரும் மாலையில் குளிப்பவர்கள் அல்லது பச்சைத் தண்ணீர்க்காரர்கள். பதினொரு வாளிக்கு இரண்டரை மணி நேரம். நாலரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்கு முடிந்துவிடும். ரயில் கால அட்டவணை போல ஒரு தாள் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினார்கள்.

அண்டாவுக்குப் பித்தளைப் பற்று. அதை வைக்கப் பின்கட்டுத் திறந்த வெளியில், யார் ஜன்னலுக்கும் எதிரில் வராத மூலையில், செங்கல் அடுக்கிய ஓர் அடுப்பு. கரண்ட் இல்லாத நாளுக்கும் எண்ணெய்க் குளியல் நாளுக்கும் மட்டும் அதில் தீ மூட்டுவது. பெயிண்ட் கட்டையும் பிளைவுட்டும் கூடாது.

இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குக் காரணம் பெரியம்மா கேட்ட ஒரே கேள்விதான்: "எல்லாம் சரி. கரண்டு போன அன்னிக்கு என் காலுக்கு என்ன பண்றது?" அதற்கு எந்தக் கட்சியிடமும் பதில் இல்லை.

யார் போட்டது யாருடையது?

வீட்டுச் சொந்தக்காரரிடம் போனபோது அவர் முதலில் வாடகையைப் பற்றித்தான் பேசினார். வசதி கூடினால் வாடகையும் கூட வேண்டும் என்றார். பேசிப் பேசி வழிக்கு வந்தார். ஒயரிங் கட்டிடத்தோடு நிற்பது. அது அவர் செலவு. கெய்சர் குடித்தனக்காரர் செலவு. வாடகையில் மாற்றமில்லை.

பழைய ஒயரிங் விளக்குக்கு இழுத்தது. 2000 வாட் கெய்சர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். ஐந்து ஆம்பியர் ஒயரில் மாட்டினால் ஒயர் சூடேறி எரியும். ஆகவே தனி ஒயர், பதினாறு ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், ஒரு தனி சப் மீட்டர். மீட்டர் காட்டும் யூனிட்டைக் குளியல் கணக்குப்படி வீடுகளுக்குப் பிரித்துக் கொள்வார்கள்.

பிறகு குமாஸ்தா ஒரு காகிதத்தில் எழுதி ஆறு வீட்டாரிடமும் சொந்தக்காரரிடமும் கையெழுத்து வாங்கினார். கெய்சரில் ஆறு பங்கு. வீடு காலி செய்கிறவருக்கு அவர் பங்கு திரும்பக் கிடைக்கும், வருஷத்துக்குப் பத்தில் ஒரு பாகம் தேய்மானம் போக. புதிதாக வருகிறவர் அந்தத் தொகையைக் கொடுத்துச் சேர வேண்டும். கடைசி வரி: "தாமிர அண்டா கடைசி வீட்டுப் பெரியம்மாவின் சொந்தம். வட்டாரத்தார் உபயோகத்துக்கு அவர் கொடுத்திருக்கிறார்."

பெரியம்மா அதில் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியும் என்றார். போட்டார்.

நீர் நிரப்பும் நாள்

கர்நாடகத்தில் நரக சதுர்த்தசிக்கு முதல் நாள் மாலை 'நீரு தும்புவ ஹப்ப'. அதாவது நீர் நிரப்பும் பண்டிகை. வெந்நீர்ப் பாத்திரத்தைத் துலக்கி, சுண்ணாம்பும் மஞ்சளும் இட்டு, கழுத்தில் கொடி சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். மறுநாள் விடியுமுன் எண்ணெய் ஸ்நானம். நம்முடைய கங்கா ஸ்நானமும் அதே விடியலில்தான். ஆகையால் இந்த ஊர்த் தமிழர் வீடுகள் பலவற்றிலும் இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது.

அந்த மாலை பின்கட்டில் அண்டா ஏறி உட்கார்ந்தது. முதல் வீட்டுத் தாய் சுண்ணாம்புக் கோடு போட்டாள். லேத் பட்டறைப் பையன்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெயர் வெட்டிய பக்கம் முற்றத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள்.

வாடகை வீட்டில் வாழ்கிற நம்மவர்கள் பொதுவில் எதையாவது வாங்கிப் போடும்போது இரண்டு காரியம் மறக்கக் கூடாது. உடைந்தது எது, உடையாதது எது என்று தெரிந்தவரை வைத்துத் தட்டிப் பார்ப்பது ஒன்று. யார் போட்டது என்று அன்றைக்கே எழுதி வைப்பது மற்றொன்று. 1969ல் யாரோ ஒரு கன்னார் புள்ளி புள்ளியாக எழுதி வைத்ததால்தான் ஒரு கிழவியின் அண்டா ஜாலி மொஹல்லாவுக்குப் போகாமல் தப்பியது.

கதவில் ஒட்டிய அட்டவணையில் பெரியம்மாவின் முறை காலை ஆறே முக்கால் மணி. அவரோ பழக்கம் விடாமல் இன்னும் நாலரைக்கே எழுந்துவிடுகிறார். முதல் ஷிப்டுக்காரர் குளிக்க வருவதற்குள் கெய்சர் சுவிட்சைப் போட்டு வைப்பது இப்போது அவர் வேலை.